உறையாத ரத்தம் எப்படி உறைஞ்சது? மூணு ஆன்டிபாடி, ஒரு கண்ணாடி விரியன்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் ஒரு ரத்தப் பரிசோதனையைப் பத்தி. ஆனா ஒரு பாம்புல இருந்து ஆரம்பிச்சாதான் சரியா வரும்.

நான் ராஜபாளையத்துக்காரி. ஊருக்கு மேற்கே மலை. அய்யனார் கோயிலுக்குப் போற வழி நெடுக தென்னந்தோப்பும் மாந்தோப்பும்தான். "அங்க யானை வருமாமே, புலி இருக்காமே"ன்னு சென்னை ஃப்ரெண்ட்ஸ் கேப்பாங்க. வரும், இருக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம்னு 2021ல அறிவிச்சே ஆச்சு. ஆனா தோப்புல குனிஞ்சு வேலை செய்யறவங்க நிஜமா பயப்படறது கண்ணாடி விரியனுக்குத்தான். காய்ஞ்ச சருகு நிறத்துல சுருண்டு கிடக்கும். குக்கர் மாதிரி சத்தமா சீறும். கவனிக்காம மிதிச்சா கடிதான்.

அது கடிச்சவங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா, பெரிய மெஷின் எதுவும் இல்லாமலேயே ஒரு டெஸ்ட் பண்ணுவாங்க. ரெண்டு மூணு மில்லி ரத்தத்தை ஒரு சுத்தமான, காய்ஞ்ச கண்ணாடி டியூப்ல விட்டு, ஆட்டாம அசைக்காம 20 நிமிஷம் வைப்பாங்க. அப்புறம் மெதுவா சாய்ச்சுப் பார்ப்பாங்க. உறைஞ்சிருந்தா அப்போதைக்கு நிம்மதி. தண்ணி மாதிரி ஓடுச்சுன்னா விஷம் வேலையைக் காட்டிடுச்சுன்னு அர்த்தம்.

இதுல ஒரு விசித்திரம் இருக்கு. விரியன் விஷம் ரத்தத்தை உறைய விடாம தடுக்கறதில்லை. உறைய வைக்குது! உறையறதுக்குத் தேவையான புரதங்களை அது கண்டபடி தூண்டி விட்டுடுது. உடம்புல இருந்த சரக்கு மொத்தமும் கொஞ்ச நேரத்துல தீர்ந்து போகுது. அதுக்கப்புறம்தான் ரத்தம் நிக்காம ஓடுது.

இதே விஷத்தை ரொம்ப ரொம்ப நீர்க்க வச்சு, ஒரு பரிசோதனை மருந்தா லேப் ஃப்ரிட்ஜுல வச்சிருக்காங்க. ராஜபாளையத்துல இருந்து கிட்டத்தட்ட 85 கிலோமீட்டர் தள்ளி, மதுரையில ஒரு லேப்ல அந்த மருந்துதான் எங்க மதினியோட ரத்தத்துல என்ன பிரச்சினைன்னு காட்டிக் கொடுத்தது.

மதினிக்குப் பிறந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். எங்க அண்ணனைக் கட்டிக்கிட்டு ராஜபாளையம் வந்தாங்க. பஸ்ல அரை மணி நேரம்தான், ஆனா அம்மா வீடு அம்மா வீடுதானே. முதல் ரெண்டு கர்ப்பமும் ரெண்டு மாசத்துக்குள்ள கலைஞ்சு போச்சு. மூணாவது அஞ்சாம் மாசம். ஸ்கேன்ல குழந்தை நல்லா இருக்குன்னு சொல்லி ரெண்டு வாரம் கூட ஆகலை, துடிப்பு நின்னு போச்சு. ஊர்ல என்னென்ன பேசினாங்கன்னு நான் விவரிக்க வேண்டியதில்லை. உங்க வீடுகள்லயும் கேட்டிருப்பீங்க. ஒரு பெரியவங்க ஜாதகம்னாங்க. இன்னொருத்தங்க, மதினி வேலைக்கு டூவீலர்ல போறதுதான் காரணம்னு தீர்ப்பே சொல்லிட்டாங்க.

மூணாவது தடவை ஆஸ்பத்திரியில சேர்த்தப்போ ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க. ஏபிடிடின்னு ஒரு டெஸ்ட். ரத்தம் உறைய எத்தனை செகண்ட் ஆகுதுன்னு பார்க்கறது. சாதாரணமா 25ல இருந்து 35 செகண்ட் வரைக்கும் ஆகும். மதினிக்கு 58. "உங்களுக்கு ரத்தம் உறையற தன்மை கம்மி, ஜாக்கிரதையா இருங்க, ஆஸ்பிரின் பக்கமே போயிடாதீங்க"ன்னு சொல்லி அனுப்பினாங்க. வீட்ல அரிவாள்மனையைக் கூட தொட விடலை.

அடுத்த பத்தே நாள்ல மதினிக்கு இடது கால் தொடை வரைக்கும் வீங்கிடுச்சு. ஸ்கேன்ல ஆழமான சிரைக்குள்ள பெருசா ஒரு ரத்தக்கட்டி.

மதினி கேட்ட கேள்வி இதுதான்: "என் ரத்தம் உறையாதுன்னுதானே சொன்னாங்க? அப்ப இது எப்படி உறைஞ்சது?"

இதை விடப் பொருத்தமான கேள்வியை ஒரு ரத்தவியல் நிபுணர்கூட கேட்டிருக்க முடியாது. 1952ல அமெரிக்காவுல கான்லி, ஹார்ட்மன்னு ரெண்டு டாக்டர்கள் லூபஸ் நோய் இருந்த ரெண்டு பேரோட ரத்தத்துல, உறைதலைத் தாமதப்படுத்தற ஏதோ ஒண்ணு சுத்திக்கிட்டு இருக்குன்னு எழுதினாங்க. அதை ரத்தக்கசிவு பிரச்சினைன்னுதான் நினைச்சாங்க. 1972ல அதுக்கு 'லூபஸ் ஆன்டிகோஆகுலன்ட்'னு பேரும் வச்சாச்சு. ஆன்டிகோஆகுலன்ட்னா உறைதலைத் தடுக்கறது. ஆனா அது இருக்கறவங்களுக்கு ரத்தக்கசிவு இல்லை, ரத்தக்கட்டிதான் வருதுன்னு 1960கள்லயே சிலர் கவனிச்சுட்டாங்க. பேர்ல இருக்கற ரெண்டு வார்த்தையும் தப்பு, பாருங்க. இது இருக்கற பல பேருக்கு லூபஸ் கிடையாது. உடம்புக்குள்ள இது உறைதலைத் தடுக்கறதும் கிடையாது. மருத்துவத்துல இவ்வளவு குழப்பின பேர் இன்னொண்ணு இருக்குமான்னு எனக்குச் சந்தேகம்தான்.

தறியும் நூலும்

டியூப்ல உறையலை, கால்ல உறையுது. இது எப்படி? இதுக்கு எங்க ஊர்ப் பக்கமே ஒரு உதாரணம் இருக்கு. ராஜபாளையம் பக்கத்துல சத்திரப்பட்டின்னு ஒரு ஊர். அங்க தெருத் தெருவா விசைத்தறி. ஓடறது பெரும்பாலும் பேண்டேஜ் துணி. உங்க முழங்கால்ல காயம் பட்டப்போ சுத்தின துணி அங்க நெஞ்சதா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு.

காயம் பட்டா உடம்பும் உள்ளுக்குள்ள ஒரு பேண்டேஜ் துணி நெய்யுது. ஃபைப்ரின்னு ஒரு புரதம்தான் அதுக்கு நூல். அந்த நூலைத் தயார் பண்றதுக்கு வரிசையா பல புரதங்கள் இருக்கு, அவங்கதான் வேலையாட்கள். ஆனா வேலையாட்கள் காத்துல நின்னு நெய்ய முடியாது, தறி வேணும். பாஸ்போலிபிட்ங்கற கொழுப்புதான் அந்தத் தறி. நம்ம ஒவ்வொரு செல்லோட சவ்வும் அதால ஆனதுதான். காயம் பட்ட இடத்துல தட்டணுக்கள் குவிஞ்சு அந்தக் கொழுப்பை வெளிப்பக்கமா விரிச்சுக் கொடுக்கும். அது மேல உக்காந்துதான் மத்த வேலை எல்லாம் நடக்கும்.

ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்பொருள், கிருமியைப் பிடிக்கறதுக்காக உடம்பு தயாரிக்கற புரதம். சில பேர் உடம்புல அது ஆள் தெரியாம, தறி மேலயும் தறியோட ஒட்டிக்கிற சொந்தப் புரதங்கள் மேலயும் போய் உக்காந்துடுது. அந்த ஆன்டிபாடிகளால ரத்தக்கட்டியோ கர்ப்பத்துல பிரச்சினையோ வந்தா அதுக்குப் பேர் ஆன்டிபாஸ்போலிபிட் சிண்ட்ரோம். சுருக்கமா ஏபிஎஸ்.

லேப் டியூப்ல வேணும்னே தறியை எண்ணித்தான் போடுவாங்க. கொஞ்சம்தான் கொழுப்பு. அந்த நாலு தறியிலயும் ஆன்டிபாடி ஏறி உக்காந்துக்கிட்டா, வேலையாட்களுக்கு இடம் இல்லை. நெசவு லேட். மதினிக்கு 58 செகண்ட் வந்தது இதனாலதான்.

உடம்புக்குள்ள கதையே வேற. அங்க தறிக்குப் பஞ்சமே இல்லை. சும்மா நின்னுக்கிட்டு இருந்த தறி மேல ஆன்டிபாடி உக்காந்ததும், ஸ்விட்சைத் தட்டிவிட்ட மாதிரி அது ஓட ஆரம்பிச்சிடுது. ரத்தக்குழாயோட உள்சுவர் செல்களும் தட்டணுக்களும் காயமே இல்லாதப்போ 'காயம் பட்டிருக்கு'ங்கற நிலைமைக்குப் போயிடுது. விளைவு, தேவையில்லாத இடத்துல துணி. கால் சிரையில, நுரையீரல்ல, இளம் வயசுக்காரங்களோட மூளைக்குப் போற ரத்தக்குழாய்லகூட. கர்ப்பத்துல, நஞ்சுக்கொடியோட செல்களையே இந்த ஆன்டிபாடி நேரடியாவும் பாதிக்குது. அதனால கர்ப்ப இழப்பு எல்லாமே கட்டியாலதான்னும் சொல்லிட முடியாது.

மூணு பேரையும் தேடணும்

மதுரையில ஒரு டாக்டர் மதினியோட ஃபைலை முதல் பக்கத்துல இருந்து படிச்சார். மூணு கர்ப்ப இழப்பு, நீண்ட ஏபிடிடி, கால்ல கட்டி. மூணையும் ஒரே பேப்பர்ல வரிசையா எழுதினார். உடனே நர்ஸைக் கூப்பிட்டு, "ஹெப்பாரின் ஊசி போடறதுக்கு முன்னாடி ரத்தம் எடுத்துடுங்க"ன்னு சொன்னார். இந்த ஒரு வாக்கியம் எவ்வளவு முக்கியம்னு பின்னாடி சொல்றேன்.

அவர் கேட்ட டெஸ்ட் மூணு. ஆன்டிகார்டியோலிப்பின், ஆன்டி பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன்-1, அப்புறம் நம்ம பேர் குழப்பக்காரர் லூபஸ் ஆன்டிகோஆகுலன்ட். முதல் ரெண்டும் எலைசா மாதிரி டெஸ்ட். ஆன்டிபாடி ரத்தத்துல எவ்வளவு இருக்குன்னு அளக்கும். ஐஜிஜி, ஐஜிஎம்னு ரெண்டு வகையா நம்பர் வரும். மூணாவது அளவைப் பார்க்கறதில்லை, நடத்தையைப் பார்க்குது. ஆன்டிபாடி தறியில என்ன வம்பு பண்ணுதுன்னு நேர்ல பார்க்கற டெஸ்ட். ஒண்ணு நெகட்டிவ்னு வந்தா மத்தது தேவையில்லைன்னு நினைச்சுடக் கூடாது. மூணும் வேற வேற ஆட்களைப் பிடிக்கற வலை.

கார்டியோலிப்பினுக்கு ஒரு பழைய கதை உண்டு. 1941ல மேரி பாங்போர்ன்ங்கற விஞ்ஞானி மாட்டு இதயத்துல இருந்து பிரிச்செடுத்த பாஸ்போலிபிட் அது. இதயத்துல இருந்து வந்ததால அந்தப் பேர். எதுக்குப் பிரிச்சாங்க? சிஃபிலிஸ்ங்கற பால்வினை நோய்க்கான ரத்தப் பரிசோதனைக்கு. இன்னைக்கும் நம்ம ஊர்ல கர்ப்பிணிகளுக்கு எடுக்கற விடிஆர்எல் டெஸ்ட்ல இருக்கறது அதே கார்டியோலிப்பின்தான். இப்ப யோசிச்சுப் பாருங்க. கார்டியோலிப்பின் மேல ஒட்டற ஆன்டிபாடி ஒருத்தர் ரத்தத்துல இருந்தா, சிஃபிலிஸ் இல்லாமலேயே விடிஆர்எல் பாசிட்டிவ்னு காட்டலாம். ஒரு சின்ன ஊர்ல, புதுசா கல்யாணமான ஒரு பொண்ணு கையில அந்த ரிப்போர்ட்டைக் கொடுத்தா அந்த வீட்ல என்ன நடக்கும்? 1950கள்லயே இந்தப் பொய் பாசிட்டிவ் பத்தி எழுதிட்டாங்க. டிபிஎச்ஏன்னு இன்னொரு டெஸ்ட் எடுத்துப் பார்த்தா உண்மை தெரிஞ்சிடும். அதை எடுக்காம யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டாம்.

1983ல லண்டன்ல கிரஹாம் ஹியூஸோட குழு இந்தத் துண்டுகளை எல்லாம் ஒண்ணு சேர்த்தது. ரத்தக்கட்டி, திரும்பத் திரும்பக் கருக்கலைதல், மூளை பாதிப்பு, இந்த ஆன்டிபாடி எல்லாம் ஒரே நோயோட முகங்கள்னு சொன்னாங்க. அதனால ஏபிஎஸ்ஸுக்கு ஹியூஸ் சிண்ட்ரோம்னும் ஒரு பேர் இருக்கு. அதே வருஷம் அதே குழுவுல நைஜல் ஹாரிஸ் கார்டியோலிப்பின் ஆன்டிபாடியை அளக்கற டெஸ்டை வெளியிட்டார். 1990ல ஆஸ்திரேலியா, ஐரோப்பா, ஜப்பான்னு மூணு இடத்துல தனித்தனியா ஒரே விஷயத்தைக் கண்டுபிடிச்சாங்க. இந்த ஆன்டிபாடி கொழுப்பை நேரா பிடிக்கறதில்லை. கொழுப்பு மேல ஒட்டியிருக்கற பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன்ங்கற புரதத்தைத்தான் பிடிக்குது. தொத்து நோய் வந்தா தற்காலிகமா வர்ற கார்டியோலிப்பின் ஆன்டிபாடிகளுக்குப் பெரும்பாலும் இந்தப் புரதம் தேவைப்படறதில்லை. ரெண்டையும் தனித்தனியா அளக்கறது இதனாலதான்.

விரியன் லேபுக்குள்ள வந்த கதை

இப்ப மூணாவது டெஸ்ட். பாட்ரிக் ரஸ்ஸல்னு ஒரு ஸ்காட்லாந்து டாக்டர், கிழக்கிந்தியக் கம்பெனிக்காக சோழமண்டலக் கடற்கரையில பாம்புகளைச் சேகரிச்சு 1796ல புத்தகம் போட்டார். அவர் பேராலதான் நம்ம கண்ணாடி விரியனுக்கு ரஸ்ஸல்ஸ் வைப்பர்னு ஆங்கிலப் பேர். (நம்ம ஊர்க்காரங்களுக்கு அதை அவருக்கு முன்னாடியே நல்லா தெரியும்ங்கறது வேற விஷயம்.) 1934ல இங்கிலாந்துல மேக்ஃபார்லேன், பார்னெட்னு ரெண்டு பேர், நீர்த்த விரியன் விஷத்தால ஹீமோஃபீலியா நோயாளிகளோட ரத்தக்கசிவை நிறுத்த முடியும்னு காட்டினாங்க. கொல்ற விஷம் மருந்துக்கடைக்கே வந்துடுச்சு.

அந்த விஷத்துல இருக்கற ஒரு நொதி, உறைதல் வரிசையில பத்தாம் நம்பர் வேலையாளை நேரா தட்டி எழுப்பும். முன்னாடி நிக்கற ஆட்கள் எல்லாருக்கும் பைபாஸ். மிச்சம் இருக்கறது பத்தாம் நம்பர், அவருக்கு உதவியா ரெண்டு மூணு பேர், அப்புறம் தறி. தறியைக் குறைச்சலா கொடுத்துட்டு நேரத்தை அளந்தா, தறியில யாராவது வம்பு பண்றாங்களான்னு பளிச்சுனு தெரியும். 1986ல 'பிளட்' இதழ்ல இந்த டெஸ்டை வெளியிட்ட மூணு பேர்ல முதல் பேர் பெருமாள் தியாகராஜன். கூட விட்டோரியோ பெங்கோ, சாண்டர் ஷாபிரோ. நம்ம காட்டுப் பாம்பு, நம்ம ஊர்ப் பேர். எனக்கு இதைப் படிச்சப்போ சின்னதா ஒரு சந்தோஷம், மறைக்க மாட்டேன்.

டெஸ்ட் மூணு கட்டமா நடக்கும். முதல்ல ஸ்க்ரீன்: தறி கம்மியா கொடுத்து நேரம் பார்க்கறது. லேட் ஆச்சுன்னா ரெண்டு காரணம் இருக்கலாம். நூலோ ஆளோ பத்தாம இருக்கலாம், இல்லை யாரோ தடுக்கலாம். அதனால அடுத்தது மிக்ஸிங்: ஆரோக்கியமான ஒருத்தரோட பிளாஸ்மாவைப் பாதிக்குப் பாதி கலப்பாங்க. ஆள் பத்தாததுதான் பிரச்சினைன்னா வெளியூர் ஆட்கள் வந்ததும் நேரம் சரியாயிடும். யாராவது தடுக்கறாங்கன்னா, எத்தனை ஆள் வந்தாலும் லேட்தான். கடைசியா கன்ஃபர்ம்: இப்ப தாராளமா கொழுப்பை ஊத்துவாங்க, நூறு தறி புதுசா இறக்கின மாதிரி. ஆன்டிபாடியால எத்தனை தறியிலதான் உக்கார முடியும்? நேரம் டக்குனு குறையும். குறைஞ்சுதுன்னா குற்றவாளி உறுதி.

ஸ்க்ரீன் நேரத்தையும் கன்ஃபர்ம் நேரத்தையும் ஒப்பிட்டு ரிப்போர்ட்ல ஒரு விகிதம் போடுவாங்க. பல லேப்கள்ல 1.2க்கு மேல போனா பாசிட்டிவ். மதினிக்கு 1.9. மத்த ரெண்டும் நல்ல உயரத்துல. மூணும் பாசிட்டிவ். இதுக்கு டிரிப்பிள் பாசிட்டிவ்னு தனிப் பேரே உண்டு. திரும்பக் கட்டி வர்ற ஆபத்து இவங்களுக்குத்தான் அதிகம்.

பன்னிரண்டு வாரம்

"அப்ப முடிவாயிடுச்சா?"ன்னு அண்ணன் கேட்டதுக்கு டாக்டர், "இல்லை, மூணு மாசம் கழிச்சுத் திரும்ப எடுக்கணும்"னார். அண்ணனுக்குக் கோபம். பணம் பிடுங்கறாங்கன்னே நினைச்சான்.

அது பணம் பிடுங்கறது இல்லை. வைரஸ் காய்ச்சல் வந்தாலோ, சில மருந்து சாப்பிட்டாலோ இந்த ஆன்டிபாடி கொஞ்ச நாளைக்குத் தலைகாட்டிட்டுப் போயிடும். ஆரோக்கியமா இருக்கறவங்கள்லயே நூத்துக்கு ஒருத்தர்ல இருந்து அஞ்சு பேர் வரைக்கும் ஏதாவது ஒரு ஆன்டிபாடி இருக்கும்னு சொல்றாங்க. அவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணும் ஆகறதில்லை. அதனாலதான் 2006ல வெளியான சிட்னி வரையறை, குறைஞ்சது 12 வாரம் இடைவெளி விட்டு ரெண்டு தடவை பாசிட்டிவ் வரணும்னு சொல்லுது. கூடவே ரத்தக்கட்டியோ கர்ப்பப் பிரச்சினையோ இருந்திருக்கணும். 2023ல அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் மருத்துவர் அமைப்புகள் சேர்ந்து புள்ளி முறையில புது வரையறை கொண்டு வந்தாங்க. அதுல ஐஜிஎம் மட்டும் கூடியிருந்தா மதிப்பு ரொம்பக் கம்மி. ஐஜிஜிதான் கனமானது, 40 யூனிட்டுக்கு மேல மிதம், 80க்கு மேல அதிகம். ஆராய்ச்சிக்காகப் போட்ட வரையறைகள்தான் இவை. ஆனா ஐஜிஎம் 18னு ஒரு ரிப்போர்ட்டைக் கையில வச்சுக்கிட்டு ராத்திரி ஒரு மணிக்கு கூகுள் பண்றவங்களுக்கு இது ஆறுதலா இருக்கும்.

ஒரு தடவை பாசிட்டிவ்னு வந்ததை வச்சு ஆயுசுக்கும் மருந்துன்னு முடிவு பண்றது எவ்வளவு தப்போ, ஒரு தடவை நெகட்டிவ்னு வந்ததை வச்சு விட்டுடறதும் அவ்வளவு தப்பு. ரெண்டாவது தப்பு எங்க ஊர் மாதிரி இடங்கள்ல சுலபமா நடக்கும். ஏன்னு சொல்றேன்.

ராஜபாளையத்துலயோ ஸ்ரீவில்லிபுத்தூர்லயோ கலெக்‌ஷன் சென்டர்ல ரத்தம் எடுப்பாங்க. டெஸ்ட் நடக்கறது மதுரையிலயோ சென்னையிலயோ. இந்த ரத்தம் பால்கோவா கிடையாது, பார்சல் கட்டி பஸ்ல ஏத்திவிட. நீல மூடி போட்ட சிட்ரேட் டியூப்ல கோடு வரைக்கும் சரியா நிரப்பணும். குறைஞ்சா நேரக் கணக்கே மாறிடும். நாலு மணி நேரத்துக்குள்ள மெஷின்ல சுத்தி பிளாஸ்மாவைப் பிரிக்கணும். ஒரு தடவை சுத்தினா பத்தாது, ரெண்டு தடவை. ஏன்னா தட்டணு மிச்சம் இருந்தா, பிளாஸ்மாவை உறைய வச்சு உருக்கும்போது அது உடைஞ்சு கொழுப்பை வெளிய விடும். புரியுதா? டியூப்குள்ள அதுவே புதுசா தறி இறக்குது. ஆன்டிபாடி எல்லாம் அந்தத் தறியில போய் உக்காந்துக்கும், நேரம் நார்மலா வந்துடும். நோய் இருக்கறவங்களுக்கு 'நெகட்டிவ்'னு ரிப்போர்ட் வந்துடும். அதனால லூபஸ் ஆன்டிகோஆகுலன்ட்டுக்கு மட்டும், முடிஞ்சா டெஸ்ட் நடக்கற லேபுக்கே நேர்ல போய் ரத்தம் கொடுங்க. எலைசா டெஸ்ட் ரெண்டுக்கும் இவ்வளவு நோகாமல் பார்க்க வேண்டியதில்லை.

இப்ப அந்த ஹெப்பாரின் வாக்கியம். ஹெப்பாரின், அசிட்ரோம், வார்ஃபாரின், ரிவராக்சபான் எல்லாமே உறைதலை மாத்தற மருந்து. இவை உடம்புல இருக்கும்போது நேரத்தை அளக்கற டெஸ்டை எடுத்தா, லேட் ஆனது மருந்தாலயா ஆன்டிபாடியாலயான்னு பிரிச்சுச் சொல்றது கஷ்டம். ரிவராக்சபான் இருந்தா விரியன் டெஸ்ட் பொய்யாவே பாசிட்டிவ் காட்டலாம். அதனாலதான் மதினிக்கு ஊசிக்கு முன்னாடி ரத்தம் எடுத்தாங்க. மூணு மாசம் கழிச்சு அவங்க அசிட்ரோம்ல இருந்தாங்க. அப்ப டாக்டர் அதிகம் நம்பினது எலைசா ரெண்டையும்தான், மருந்து அதைப் பாதிக்காது. ரெண்டும் திரும்பவும் உயரம். டெஸ்ட் எடுக்கறதுக்காக நீங்களா மாத்திரையை நிறுத்திட்டுப் போயிடாதீங்க. என்ன மருந்துல இருக்கீங்கன்னு லேப் ஃபார்ம்ல எழுதிக் கொடுத்தா போதும்.

பேர் தெரிஞ்சதும் என்ன மாறுது?

நிறைய மாறுது. 1997ல லண்டன்ல இந்த ஆன்டிபாடியும் தொடர் கருக்கலைதலும் இருந்த 90 பெண்கள்ல பாதிப் பேருக்கு ஆஸ்பிரின் மட்டும், மீதிப் பேருக்கு ஆஸ்பிரினோட ஹெப்பாரினும் கொடுத்துப் பார்த்தாங்க. ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவங்கள்ல 42 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. ரெண்டும் எடுத்தவங்கள்ல 71 சதவீதம். மதினியை எந்த ஆஸ்பிரின் பக்கம் போகவே கூடாதுன்னு சொன்னாங்களோ, அதே ஆஸ்பிரின்தான்.

மதினிக்கு ஏற்கெனவே கால்ல கட்டி இருந்ததால டோஸ் கூட. நாலாவது கர்ப்பம் உறுதியானதுமே அசிட்ரோமை நிறுத்திட்டாங்க, அது கருவுல இருக்கற குழந்தைக்கு ஆகாது. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு வயித்துல ஹெப்பாரின் ஊசி. முதல்ல அண்ணன் போட்டுவிட்டான், கை நடுங்கும். அப்புறம் மதினியே போட்டுக்கிட்டாங்க. மாட்டியிருந்த தினசரி காலண்டர்ல ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு புள்ளி. நானூறு புள்ளிக்கு மேல போச்சு. 36வது வாரத்துல பொண்ணு பிறந்தா. ரெண்டு கிலோ நானூறு. இப்ப அவ என் ஃபோனை எடுத்து உடைக்கற வயசு.

ரத்தக்கட்டி வந்த ஏபிஎஸ்ஸுக்கு மாத்திரை பெரும்பாலும் ஆயுசுக்கும். டிரிப்பிள் பாசிட்டிவ்காரங்களுக்கு இன்னும் பழைய வார்ஃபாரின் வகைதான் நம்பகமானது. 'ரத்தம் அடிக்கடி டெஸ்ட் பண்ணாத புது மாத்திரை இருக்காமே'ன்னு கேட்டு மாத்திக்கத் தோணும். ரிவராக்சபானை வார்ஃபாரினோட ஒப்பிட்ட ஒரு ஆய்வை, புது மாத்திரை எடுத்தவங்களுக்குக் கட்டி அதிகமா வந்ததால பாதியிலயே நிறுத்தினாங்க. 2018ல வெளியாச்சு. அதை நடத்தினவர், 1986 விரியன் கட்டுரையில இருந்தாரே, அதே பெங்கோ.

கேள்விகள்ல ரெண்டு மட்டும் எடுத்துக்கறேன். "எனக்கு ஒரு தடவை ரெண்டாம் மாசம் கலைஞ்சது, இந்த டெஸ்ட் எடுக்கணுமா?" பொதுவா வேண்டாம். தெரிய வர்ற கர்ப்பங்கள்ல நூத்துக்கு பத்துல இருந்து இருபது கலையத்தான் செய்யுது. பெரும்பாலும் கருவோட குரோமோசோம் கோளாறு. தொடர்ந்து மூணு, இல்லை பத்து வாரத்துக்கு மேல ஒண்ணு, இல்லை 34 வாரத்துக்கு முன்னாடி கடுமையான ரத்தக்கொதிப்பால பிரசவம்னா டாக்டர்கிட்ட கேளுங்க. காரணமே இல்லாம சின்ன வயசுல கால்ல கட்டி, பக்கவாதம், அப்புறம் காரணம் தெரியாத நீண்ட ஏபிடிடி, இதுக்கெல்லாமும் கேக்கலாம். ஆண்களும்தான்.

ரெண்டாவது, "அக்காவுக்கு இருக்கு, எனக்கும் வருமா?" குடும்பத்துல ஒண்ணுக்கு மேற்பட்டவங்களுக்கு வர்றது அபூர்வம். எந்தப் பிரச்சினையும் இல்லாம இருக்கற தங்கச்சிக்கு டெஸ்ட் எடுக்கச் சொல்றதில்லை. ஆனா அந்தத் தங்கச்சிக்கு எப்பவாவது கால் வீங்கினாலோ, கருத்தடை மாத்திரை எழுதிக் கொடுக்கப் போனாலோ, அக்காவோட கதையை டாக்டர்கிட்ட சொல்லிடட்டும்.

அசிட்ரோம்ல இருக்கறவங்க கீரை சாப்பிடலாமா, ஐஎன்ஆர் எவ்வளவு இருக்கணும்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. அடுத்த எபிசோட் முழுக்க அதுதான்.